ஜெர்மன் வீட்டில் ஐந்து இரவு: கிறிஸ்துமஸ் விருந்தினர் ஏற்பாடு பற்றி

ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களைக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஒரு குடும்பத்தோடு தங்கவைக்கும் ஏற்பாட்டைச் சில சங்கங்கள் செய்கின்றன. நான் அப்படி ஒரு சங்கத்தின் வழியாக டிசம்பர் 22 மாலை முதல் 27 காலை வரை ஒரு வீட்டில் தங்கினேன். கட்டணம் 45 யூரோ. அது சங்கத்தின் அலுவலகச் செலவுக்குப் போகிறது. குடும்பத்துக்கு அதில் ஒரு சென்ட் கூடக் கிடையாது, அவர்கள் பிரியப்பட்டுக் கூப்பிடுகிறார்கள். போய்வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஹாலே நகரில் என்னோடு படிக்கும் மூன்று பேர் “அடுத்த வருஷம் நாங்களும் போகலாமா?” என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட விரிவாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போங்கள். ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் குடும்பத்துக்கு ஐந்து, சங்கத்துக்கு மூன்று.

இதற்கு முந்தைய வருஷம் நான் விடுதியிலேயே இருந்தேன். 24ஆம் தேதி மதியம் இரண்டு மணியோடு கடைகளை மூடிவிட்டார்கள். 25, 26 இரண்டும் அரசு விடுமுறை. மென்சா என்னும் பல்கலைக்கழக உணவகமும் பூட்டு. எங்கள் மாடியில் என்னைத் தவிர ஆள் இல்லை. நடைபாதை விளக்கு ஆள் நடந்தால்தான் எரியும், அந்த மூன்று நாளும் நான் நடந்தபோது மட்டும் எரிந்தது. வீட்டுக்கு வீடியோ கால் போட்டு ஜன்னல் வழியே தெருவைக் காட்டினேன். “அங்க பெரிய பண்டிகைன்னு சொன்னியே, ஏன் இப்படி வெறிச்சோடிக் கெடக்கு?” என்று அம்மா கேட்டார். மயிலாடுதுறையில் தீபாவளி என்றால் தெருவுக்குத் தெரியாமல் போகுமா? இங்கே பண்டிகை முழுக்க வீட்டுக்குள் நடக்கிறது. கிறிஸ்துமஸ் சந்தை எல்லாம் அதற்கு முந்தைய நான்கு வாரத்துக்குத்தான், பண்டிகை நாள் வந்ததும் அதையும் கட்டி எடுத்துவிடுவார்கள். அந்த மூன்று நாளைப் பார்க்க வேண்டும் என்றால் யாராவது ஒருவர் தங்கள் வீட்டுக் கதவைத் திறந்துவிட வேண்டும். இந்த ஏற்பாட்டின் அருமை அதுதான்.

விண்ணப்பம் நான்கு பக்கம். சாப்பாடு, ஒவ்வாமை, நாய் பூனை பயமா, தேவாலயத்துக்குப் போகச் சம்மதமா, எவ்வளவு ஜெர்மன் தெரியும் என்று எல்லாம் கேட்டார்கள். அடுத்தவர் பொருளை உடைத்தால் ஈடு கட்டும் காப்பீடு இருக்கிறதா என்றும் கேட்டார்கள். இங்கே மாணவர்கள் பெரும்பாலும் அதை எடுத்து வைத்திருப்பதால் சிக்கல் இல்லை. அக்டோபரில் அனுப்பினேன். எந்தக் குடும்பம், எந்த ஊர் என்று பதில் வந்தது டிசம்பர் 17இல். ஐந்தே நாள். அதற்குள் ரயிலைப் பார்த்து, பரிசு வாங்கி, அந்தக் குடும்பத்துக்கு ஒரு மின்னஞ்சலும் எழுத வேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று. சைவம் என்று விண்ணப்பத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருந்தேன். அது குடும்பத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. முதல் நாள் இரவு அந்த வீட்டு அம்மா ஹாம் தட்டை என் பக்கம் நகர்த்தியபோது நான் தயங்கிச் சொல்ல, அவர் முகம் வாடிப்போனது. 25ஆம் தேதிக்கு வாத்து சொல்லியாகிவிட்டது, குழம்பு முழுக்க அதன் கொழுப்பில்தான் என்று மெல்லிய குரலில் கணவரிடம் சொன்னார். எனக்கு அந்த ஜெர்மன் புரிந்துவிட்டது. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. விருந்து போடுகிற வீட்டை அந்த நிலைக்கு ஆளாக்கியது மன்னிக்க முடியாத அலட்சியம். திரும்பி வந்து சங்கத்துக்கு எழுதினேன். வருந்துகிறோம் என்று இரண்டு வரி பதில் வந்தது. ஆகவே நீங்கள் போகும்போது சங்கத்தை நம்பி இருக்காமல், குடும்பத்துக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே நீங்கள் என்ன சாப்பிடுவீர்கள், என்ன சாப்பிட மாட்டீர்கள் என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

இனி அந்த வீடு.

சாக்சனி மாநிலத்தின் தெற்கே, செக் எல்லையை ஒட்டி எர்ட்ஸ்கெபிர்க என்று ஒரு மலைநாடு. பெயருக்கே தாதுமலை என்றுதான் பொருள். இங்கே வெள்ளி கிடைத்ததால் 1496இல் அன்னபெர்க் நகரம் எழும்பியது. 2019இல் இந்தச் சுரங்கப் பகுதி யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. எனக்குக் கிடைத்தது அன்னபெர்குக்கு அருகே ஒரு சின்ன ஊர். ஹாலேயிலிருந்து லைப்சிக், அங்கே வண்டி மாறிக் கெம்னிட்ஸ். கெம்னிட்ஸ் நிலையத்துக்குக் குடும்பத் தலைவரே காரோடு வந்திருந்தார். தச்சர், அறுபதைத் தாண்டியவர், கை கொடுத்தபோது மரத்தைத் தொட்டது போல இருந்தது.

மாலை நாலரைக்கே கும்மிருட்டு. மலை ஏற ஏற ஜன்னல்கள் தெரிந்தன. ஒரு வீடு பாக்கி இல்லாமல் எல்லா ஜன்னலிலும் அரைவட்ட வளைவில் வரிசையாக விளக்கு. ஷ்விப்போகன் என்பார்கள். குளிர்காலத்தில் சுரங்கத் தொழிலாளி விடியும் முன் இறங்கி இருட்டிய பின் ஏறுவான், நாள்கணக்கில் வெளிச்சத்தைப் பார்க்காதவனுக்கு வெளிச்சம்தான் பண்டிகை என்று அவர் வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னார். அப்புறம், சில ஜன்னல்களில் கையில் மெழுகுவர்த்தி ஏந்திய மரபொம்மைகள் நின்றன. வீட்டில் எத்தனை பெண் பிள்ளையோ அத்தனை தேவதை, எத்தனை ஆண் பிள்ளையோ அத்தனை சுரங்கத் தொழிலாளி. தெருவில் போகிறவர் ஜன்னலைப் பார்த்தே அந்த வீட்டுப் பிள்ளைகளை எண்ணிவிடலாம். இவர்கள் வீட்டு ஜன்னலில் இரண்டு தேவதை. இளையவள் கணவரோடு வந்திருந்தாள். மூத்தவள் நார்வேயில் வேலை பார்க்கிறாள், இந்த முறை வர முடியவில்லை. அவளுடைய அறைதான் எனக்குத் தந்தது. அவள் இல்லாவிட்டாலும் அவளுடைய தேவதைக்கு ஐந்து நாளும் விளக்கு ஏற்றினார்கள்.

கூப்பிடுவதில் எனக்குக் கொஞ்சம் திண்டாட்டம். முதல் நிமிஷத்திலேயே பெயர் சொல்லிக் கூப்பிடு, நீ என்றே பேசு என்று சொல்லிவிட்டார்கள். அறுபது வயது ஆளைப் பெயர் சொல்லி அழைக்க என் நாக்கு எழவில்லை. ஆன்ட்டி, அங்கிள் என்பதற்கு இங்கே வழி இல்லை. முதல் இரண்டு நாள் யாரையும் கூப்பிடாமல், எதிரே போய் நின்றுதான் பேசினேன். 86 வயதுப் பாட்டியை மட்டும் எல்லோரும் ஓமா என்றார்கள், பாட்டி என்றே பொருள், அது எனக்கு உடனே வந்துவிட்டது. அதனால் அதிகம் பேசியதும் அவரோடுதான். அவர் பேசும் மலைநாட்டு வழக்கு என் பி1 ஜெர்மனுக்கு, அதாவது நடுத்தர நிலை ஜெர்மனுக்கு, எட்டவே இல்லை. இளையவள் பாதியைச் சாதாரண ஜெர்மனில் திருப்பிச் சொல்வாள், மீதியை ஓமா கையால் காட்டிவிடுவார்.

23ஆம் தேதி ஸைஃபன் ஊருக்குக் கூட்டிப் போனார்கள். ஒரு காலத்தில் வெள்ளீயம் தோண்டிய ஊர், அது குறைந்ததும் மரக்கடைசலுக்கு மாறியது. உலகம் முழுக்கப் போகும் கிறிஸ்துமஸ் மரபொம்மைகளின் ஊர் இப்போது. 1779இல் கட்டி முடித்த எண்கோணத் தேவாலயம் ஒன்று மேட்டில் நிற்கிறது, பல ஜன்னல் வளைவுகளில் செதுக்கியிருப்பது அதைத்தான். ஆனால் என் கண்ணில் நிற்பது அங்கே பார்த்த வளையக் கடைசல். ஸ்ப்ரூஸ் மரத்தின் குறுக்கு வெட்டு வட்டு, ஒரு முழம் அகலம், ஈரமாகவே கடைசலில் மாட்டியிருந்தார்கள். கடைசல்காரர் உளியால் அதில் மேடும் பள்ளமுமாக வரி இழுக்கிறார், சுருள் சுருளாக ஈர மரம் தெறிக்கிறது. பார்த்தால் வெறும் வளையம். பிறகு அதைக் கழற்றிக் கத்தியை வைத்து ஒரு தட்டு. வளையம் பிளந்த இடத்தில் ஒரு குதிரையின் பக்கவாட்டு உருவம்! நாலு கால், கழுத்து, காது எல்லாம். இன்னொரு தட்டு, இன்னொரு குதிரை. கேக் துண்டு போடுவது போல ஒரே வளையத்திலிருந்து ஒரு மந்தையே வருகிறது. கடைகிற நேரத்தில் அவருக்கு உருவம் தெரியாது, பிளந்தால்தான் தெரியும். இத்தனை வருஷம் கையில் பழகிய கணக்கு. தச்சரும் என்னோடு சேர்ந்து வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார், எத்தனையாவது முறையோ.

24 மாலை தேவாலயத்தில் குழந்தைகளின் நாடகம். கட்டாயம் இல்லை, விருப்பம் இருந்தால் வா என்றார்கள். நான் போனேன். திரும்பி வந்ததும் சாப்பாடு. இந்த மலைநாட்டில் அன்று ஒன்பது வகை சமைக்க வேண்டும். நோய்னர்லாய் என்று பெயர். ஓமா வாயில் அது நைனர்லா.

மேசை விரிப்புக்கு அடியில் வைக்கோல் பரப்பியிருந்தார்கள். தட்டு லேசாகச் சாய்ந்து நின்றது, தண்ணீர்க் குவளையைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் ஒரு நாணயம், வருஷம் முழுக்கக் காசு குறையாமல் இருக்க. ஒன்பதில் என்னென்ன என்பது வீட்டுக்கு வீடு மாறுமாம். இவர்கள் வீட்டில் சாசேஜ், புளித்த முட்டைக்கோஸ், பருப்பு, பச்சை உருளைக்கிழங்கைத் துருவிப் பிடித்த க்ளோஸ என்னும் பெரிய உருண்டை, முயல், காளான், செலரி, பீட்ரூட், கடைசியில் ரொட்டியைச் சர்க்கரைப் பாலில் ஊறவைத்த ஸெமல்மில்ஷ். பருப்பு சில்லறைக்கு, உருண்டை பெரிய பணத்துக்கு, முட்டைக்கோஸ் வாழ்க்கை புளித்துப் போகாமல் இருக்க. சாப்பிட ஆரம்பித்தால் முடியும் வரை யாரும் மேசையை விட்டு எழக் கூடாது. அதனால் பாத்திரம் எல்லாம் அந்த அம்மாவின் கைக்கு எட்டும் தூரத்தில் ஸ்டூல் போட்டு அடுக்கியிருந்தது. எனக்காக முட்டைக்கோஸைப் பன்றிக்கொழுப்பு இல்லாமல் தனிச் சட்டியில் வேகவைத்திருந்தார். ஒன்பதில் ஏழு எனக்குச் சாப்பிடக் கிடைத்தது. அந்தப் பருப்பு, உப்பும் கொஞ்சம் காடியும் மட்டும் போட்டது, எங்கள் ஊர்ப் பருப்பின் பக்கத்தில் கூட வராது. ஆனால் உருண்டையைப் பிட்டுக் காளான் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டது இன்னும் நாக்கில் இருக்கிறது.

உட்கார்ந்ததும் நான் எண்ணினேன். நாங்கள் ஆறு பேர், தட்டு ஏழு. யார் வரவேண்டும் என்று கேட்டேன். யாரும் இல்லை, வழி தவறியவர் யாராவது கதவைத் தட்டினால் அவருக்கு, எல்லா வருஷமும் வைப்போம் என்றார் தச்சர். எனக்குப் பளிச்சென்று பட்டது. “அப்படியானால் அது என் தட்டுதானே?” என்று கேட்டேன். அந்த அம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடியே மறுப்பாகத் தலையாட்டினார். “இல்லை. உன்னுடையது உன் முன்னால் இருக்கிறது. அது வரப்போகிறவருக்கு.” சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு உருண்டை போட்டார்.

அந்த நாணயம், 10 சென்ட், என் பர்ஸில் தனியாக இருக்கிறது.

சாப்பிட்ட பிறகு பரிசுகள். இங்கே ஒரு தவறு நடந்தது, அதுவும் சங்கம் தந்த தாளால். வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் என்று மட்டும் போட்டிருந்தார்கள். ஓமா இருப்பதே அங்கே போய்ச் சேரும் வரை எனக்குத் தெரியாது. அவரோ எனக்கு முழங்கால் வரை கம்பளிக் காலுறை பின்னி வைத்திருந்தார். ஊரிலிருந்து கொண்டு வந்திருந்த ஃபில்டர் காபிப் பொடியும் டபரா செட்டும் அந்த அம்மாவுக்கும் தச்சருக்கும் என்று கொடுத்தது. மறுநாள் காலை ஓமாவுக்கு நானே டிகாஷன் இறக்கி நுரை பொங்க ஆற்றிக் கொடுத்தேன். உயரத்திலிருந்து காபி விழுவதைப் பார்த்து அவர் கை தட்டினார். அப்புறம் கிளம்பும் வரை தினமும் நாலு மணிக் காபி என் பொறுப்பு.

அந்த நாலு மணிக் காபியோடு ஓமா சுட்ட ஷ்டொலன் என்னும் கிறிஸ்துமஸ் பழக் கேக் வரும். நவம்பரிலேயே சுட்டு வாரக்கணக்கில் ஊறவிட்டது, மேலே சர்க்கரைத் தூள் விரல் தடிமனுக்கு. ஒருநாள் அதோடு புல்ஸ்னிட்ஸ் ஊர் ஃபெஃபர்கூகன் வந்தது. மிளகுக் கேக் என்று அர்த்தம், ஆனால் உள்ளே பட்டையும் கிராம்பும்தான். கடல் தாண்டி வந்த மசாலா எல்லாவற்றையும் அந்தக் காலத்தில் மிளகு என்றே சொன்னார்களாம். 1558 முதல் அந்த ஊர் ரொட்டிக்காரர்களுக்கு அதைச் சுட உரிமை. பெட்டியில் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் நான் நிமிர்ந்துவிட்டேன். சீகன்பால்கு 1682இல் பிறந்த ஊர் புல்ஸ்னிட்ஸ். ஹாலேயில் படித்து, 1706இல் தரங்கம்பாடியில் இறங்கி, தமிழ் கற்று, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டவர். எங்கள் வீட்டிலிருந்து தரங்கம்பாடி பஸ்ஸில் ஒரு மணி நேரம். பள்ளிச் சுற்றுலாவில் அவர் கட்டிய தேவாலயத்துக்கு எதிரே உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டிருக்கிறேன். ஹாலேயில் நான் வகுப்புக்குப் போகும் வழியில் இருக்கும் ஃபிராங்கே நிறுவனக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. இதை எல்லாம் உடைந்த ஜெர்மனில் சொன்னேன். தச்சர் எழுந்து போய் அட்லஸ் கொண்டு வந்தார். போனில் பார்க்கலாமே என்றேன், வேண்டாம் என்றார். தரங்கம்பாடியைக் கண்டுபிடித்துப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். பக்கத்தில் மயிலாடுதுறைக்கு இன்னொரு புள்ளி.

வீட்டில் எப்போதும் ஒரு வாசனை. புகைக்கும் மரபொம்மை, இடுப்போடு இரண்டாகப் பிரியும். உள்ளே சுண்டுவிரல் நுனி அளவு புகைக்கூம்பைப் பற்றவைத்து மூடினால் வாய் வழியாகப் புகை விடும். கரித்தூளும் குந்திரிக்கமும் சேர்த்துப் பிடித்தது. வெள்ளிக்கிழமை மாலை எங்கள் வீட்டில் சாம்பிராணி போட்டது போலவே இருக்கும். முதல் நாள் அந்த வாசனையில்தான் எனக்குக் கூச்சம் விட்டது.

கஷ்டங்களையும் சொல்ல வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் வீடே அமைதி, அவரவர் அறையில். முதல் நாள் என்மேல் ஏதோ வருத்தமோ என்று நினைத்துவிட்டேன். அது ஓய்வு நேரம், அவ்வளவுதான். காலையில் வெளியே பனி இருந்தாலும் ஜன்னலை அகலத் திறந்து ஐந்து நிமிஷம் காற்று வாங்குவார்கள், ஸ்வெட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் செருப்பு எடுத்துப் போங்கள். சாப்பாட்டு மேசையில் போனை எடுக்காதீர்கள். பாத்திரம் துடைக்கும் துணியைக் கேட்காமலே கையில் எடுங்கள், அந்த அடுப்படிப் பேச்சில்தான் நான் அதிகம் ஜெர்மன் கற்றேன். 25 மதியம் வாத்து அறுக்கும்போது அந்த வாடை எனக்குச் சிரமமாக இருந்தது உண்மை. எனக்குச் சிவப்பு முட்டைக்கோஸும் உருண்டையும் காளான் குழம்பும் தனியாக வைத்திருந்தார்கள். 26 முழுக்க மழை, உறவினர் பன்னிரண்டு பேர், எல்லோரும் மலைவழக்கில் பேச, நான் மதியம் ஒரு மணி நேரம் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். யாரும் தப்பாக எடுக்கவில்லை.

செலவுக் கணக்கு: கட்டணம் 45 யூரோ, பரிசுகளுக்கு ஊரிலிருந்து வந்தது போக 20, ஸைஃபனில் எனக்கு வாங்கிய குதிரைக்கு 9. ரயில், மாதப் பயணச்சீட்டில் போயிற்று. வேண்டியதை எல்லாம் 23க்குள் வாங்கிவிடுங்கள். மூன்று இரவுத் திட்டமும் உண்டு. அதை எடுக்காதீர்கள். எனக்கு மூன்றாம் நாள்தான் நாக்குத் திரும்பியது. அன்னபெர்கின் சுரங்கத் தொழிலாளர் அணிவகுப்பு வழக்கமாகக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய கடைசி ஞாயிறான நான்காம் அட்வென்ட் அன்று நடக்கும். அதைப் பார்க்க ஆசை இருந்தால் தேதியைப் பார்த்து இரண்டு நாள் முன்னதாக வரலாமா என்று குடும்பத்தையே கேளுங்கள்.

இந்த மலைநாட்டில் விளக்குகளையும் பொம்மைகளையும் பிப்ரவரி 2 வரை எடுப்பதில்லை. ஜனவரி கடைசியில் அந்த அம்மா எழுதியிருந்தார்: எடுத்துவைக்க ஆள் வேண்டும், காபியும் வேண்டும். காலை ரயிலில் போனேன். மெழுகுவர்த்திச் சூட்டில் சுழலும் மரப் பிரமிடை நானும் தச்சரும் பிரித்தோம். அதன் தண்டு ஊசிமுனையில் ஒரு கண்ணாடிக் குழியின் மேல் நிற்கிறது, அதைக் கழற்றும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மேலே இருக்கும் இறக்கைகளை ஒவ்வொன்றாக உருவிச் செய்தித்தாளில் சுற்றினோம். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் எண். அவருடைய அப்பா எழுதியதாம். தேவதைகள் இரண்டையும் ஓமாதான் சுற்றினார், வேறு யாரையும் தொடவிடவில்லை. ஐந்து மணிக்குக் கெம்னிட்ஸ் நிலையத்தில் இறக்கிவிடக் கிளம்பியபோது ஊரில் பாதி ஜன்னல்கள் இருட்டாகிவிட்டன, பாதி இன்னும் எரிந்துகொண்டிருந்தன.